காசிநாதன் காரை ஏலம் விட்டார்

காசிநாதன் ஏலம் விட்டால் கடலுக்குள் இருக்கிற மீனுக்கே தன் விலை தெரிந்துபோகும் என்பார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலையும் சவுக்குத் தோப்பையும் விட்டால் வேறு கதியில்லாத ஒரு குப்பம் அவருடையது. காலை எட்டு மணிக்குப் படகு கரை தட்டி, மணலில் மீனைக் கொட்டியதும் அவர் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினால், கலங்கரை விளக்கமே ஒரு தரம் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். இருநூறு ரூபாய் பெறாத கவலை என்கிற சின்ன மீன் கூடையை எண்ணூறுக்கு ஏற்றிவிட்டு, வாங்கினவனையும் சிரிக்க வைத்து அனுப்புகிற வாய். முப்பத்தைந்து வருஷமாக அந்த வாய்தான் சோறு போட்டது. அதன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை குலசாமி மேல்கூட இருந்ததில்லை. வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி பானுமதி நேர் எதிர். நாள் முழுக்கப் பேசினாலும் ஒரு கைப்பிடிச் சொல்தான் செலவாகும். திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்கிறவள். பத்தொன்பது வருஷம் முதல் பஸ்ஸில் கூடையோடு போனாள். கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் புளித்த மோராகிவிடும். "பின்னாடி போ, பின்னாடி போ" என்று தள்ளித் தள்ளி, இன்னும் ஒரு சாண் தள்ளினால் ரோட்டில்தான் நிற்க வேண்டும் என்கிற இடத்தில் நின்று பயணம் செய்வாள். பஸ் போய்ச் சேர ஆறே முக்கால் ஆகும். அதற்குள் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். சாக்கடை ஓரம்தான் மிச்சம்.

அங்கே மீன்காரம்மாக்களுக்குள் எழுதாத ஒரு கட்டு உண்டு. சந்தை முனையில் ஒரு வேப்பமரம். காலை ஆறு மணிக்குள் யார் அதன் அடியில் கோணி விரிக்கிறார்களோ, இடம் அவர்களுக்கு. தொடர்ந்து ஒரு மாதம் விரித்தால் பிறகு அது அவர்கள் இடம்தான், யாரும் கைவைக்க மாட்டார்கள். ஆனால், மீன்பிடித் தடைக்காலம் நீங்கலாக, ஒரு மாதம் தொடர்ந்து தவறவிட்டால் போச்சு. கோர்ட்டும் கிடையாது, கேஸும் கிடையாது. நிழலும் அங்கே, நாலு தெரு சேருகிற முனையும் அங்கே. பிரியாணிக் கடைக்காரர்கள் அந்த மரத்தைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காசிநாதன் கடனுக்கு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். ஏழு பேர் உட்காருகிற சாதி. பின் சீட்டுகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, முந்தின நாள் மீனை ஐஸ் பெட்டியும் கூடையுமாக ஏற்றி, முன்னால் பானுமதியை உட்காரவைத்து, ஐந்தே முக்காலுக்கெல்லாம், அப்போது யாருக்கும் நிலையாகாமல் இருந்த வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டார். ஒரே மாதத்தில் சாக்கடையோரத்து பானு 'மரத்தடி பானு' ஆனாள். வியாபாரம் இரண்டு பங்கு. மாதம் ஒன்பதாயிரத்து நானூறு டியூவை அவள் முந்தானை முடிச்சிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். தடைக்காலத்தில் படகுகள் கரையேறிக் கிடக்கும்போது மட்டும் இரண்டு டியூ, மூன்று டியூ தவறும்.

கார்தான் பாவம். மூன்று வருஷம் ஐஸ் தண்ணியும் உப்புக் காற்றும் தின்று, அடித்தகடு இடியாப்பத் தட்டு ஆகிவிட்டது. நாற்றத்தைச் சொல்லி முடியாது. வண்டியை எங்கே நிறுத்தினாலும் பதினேழு பூனைகள் வந்து வரிசையில் உட்காரும். திருக்கழுக்குன்றம் மலைக்கு வருவதை நிறுத்திக்கொண்ட கழுகு, இந்த வண்டிக்கு மேலே மட்டும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனதாகச் சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அந்த நாற்றம் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனது. பானுமதியின் தம்பி தமிழ்வாணன் வீட்டுக் கல்யாணம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் அவன். மண்டப வாசலில் யானை உயரத்துக்கு ஒரு கறுப்புக் காரை நிறுத்தியிருந்தான். காசிநாதன் வண்டியைக் கண்டதும் வாட்ச்மேன் கையை ஆட்டி ஆட்டி மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் கொண்டுபோய் விட்டான்.

"மாமா, நான்தான் அந்தாண்ட வுடச் சொன்னேன். தப்பா நெனச்சிக்காத" என்றான் தமிழ்வாணன். "பந்தி பக்கம் காத்து அடிக்குது பாரு."

காசிநாதனுக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. பானுமதி மூன்று தரம் வாங்கிக் குடித்தாள்.

"இன்னாமே, உனுக்கு ரோஷமே இல்லியா?" என்று திரும்புகிற வழியில் கேட்டார்.

"நாத்தம் வண்டியோடதா? எம் மீனுதுய்யா. எனுக்கு இன்னா வெக்கம்?"

அவள் அதோடு விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. கரைக்காரர் புத்தி அவருக்கு. கரையில் ஒரே ஒரு வேதம்தான்: வெயில் ஏறினால் விலை இறங்கும், மீன் கெடும் முன்னால் தள்ளிவிடு. காரையும் அப்படித்தான் பார்த்தார். நாளாக நாளாக நாறும், இன்றைக்கே தள்ளு. மீனுக்குக் கடன் பத்திரம் கிடையாது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

செங்கல்பட்டில் ஒரு மைதானத்தில் எக்ஸ்சேஞ்ச் மேளா. பழைய காரைக் கொடு, புதுக் காரை எடு. பானுமதியிடம் சொல்லாமல், அவளை மரத்தடியில் இறக்கிய கையோடு நேராக அங்கே போனார். ரோஹித் என்று கார் விற்கிற பையன் ஒருவன், கழுத்தில் அடையாள அட்டையும் வாயில் முப்பத்திரண்டு பல்லுமாக ஓடி வந்தான். வண்டிக்குள் தலையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான். கண்ணில் தண்ணீர்.

"சார், ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் போடலாம். பழைய லோன் எவ்ளோ சார் நிக்குது?"

"மூணு தொண்ணூறு."

ரோஹித் முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே, விழவில்லை. "நோ பிராப்ளம் சார். நாங்க பாத்துக்கறோம்."

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவர் வெடுக்கென்று சிரித்தார். ஆல்வின் என்று செங்கல்பட்டில் பழைய கார் வாங்கி விற்கிறவர். மேளா நடந்தால் வலைக்கு வெளியே தப்பி விழுகிற மீனைப் பொறுக்க வந்து நிற்பார். "அண்ணாத்த, நான் ரெண்டு இருபது தரேன். ரொக்கம்" என்றார்.

இரண்டு பேர். ஒரு பொருள். காசிநாதன் உடம்பில் முப்பத்தைந்து வருஷம் ஒரே நொடியில் முறுக்கேறியது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு மேலே ஏறினார்.

"ரெண்டு இருபது! ரெண்டு இருபது! யாரு கேக்கறா, ரெண்டு இருபது! வண்டியப் பாரு, வஞ்சிரம் மாரி நீளத்தப் பாரு! மூணு வருசம் ஒரு நாள் ரோட்ல நின்னதில்ல! சாமி வண்டி! ஏறி ஒக்காந்தா எறங்க மனசு வராது!"

"நாத்தம் தாங்காம எறங்கிடுவாங்களே" என்றார் ஆல்வின்.

"கடலு நாறுதுன்னு எவனாச்சும் கடல வாணாம்னு சொல்லிக்கிறானா? ரெண்டு இருபது!"

"ரெண்டு முப்பது சார்" என்றான் ரோஹித்.

மேளாவே திரும்பியது. டீக்காரர் கேனைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தார். புதுக் காரில் ஏறி ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்த குடும்பங்கள் இறங்கி ஓடிவந்தன. ரெண்டு நாற்பது. ரெண்டு ஐம்பது. கைதட்டல் செங்கல்பட்டு ஏரியில் பட்டுத் திரும்பி வந்தது. ரெண்டு எண்பதில் ஆல்வின் நின்றார்.

"ரெண்டு எண்பத்தஞ்சு சார்!" ரோஹித் கையைத் தூக்கினான்.

"ஒருதரம்! ரெண்டுதரம்! மூணுதரம்!"

நாற்காலியிலிருந்து இறங்கிய காசிநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுபத்தைந்தாயிரம் ஏற்றிவிட்டார்! ஆல்வின் மட்டும் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணாத்த, கோச்சிக்காத. எங்கிட்ட வித்தியானா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் உங்கையில கடன் நிக்கும். கண்ணுக்குத் தெரியும், கடிக்கும், கட்டித் தொலைப்ப. அங்க குடுத்தியானா அது புதுக் கடனுக்குள்ள பூந்துக்கும். கண்ணுக்கே தெரியாது. அதான் வித்தியாசம்."

"தோத்தவன் பேச்சு கடலுக்குப் போச்சு" என்று அவர் முதுகில் தட்டினார் காசிநாதன்.

ரோஹித் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். இருபத்துமூன்று இடம். கரையில் வாய்ச்சொல்தான் பத்திரம்; ஏலம் முடிந்தால் முடிந்ததுதான், அதற்குப் பிறகு யாரும் காகிதம் நீட்டுவதில்லை. நீட்டுகிற காகிதத்தில்தான் நிஜமான ஏலம் நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வங்கியில் கிடந்த ஐம்பதாயிரத்தையும் கட்டிவிட்டு, நான்காம் நாள், தமிழ்வாணன் காரைவிட ஒரு விரற்கடை உயரமான கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டு குப்பத்துக்குள் நுழைந்தார். மாலை, எலுமிச்சம்பழம், நான்கு சீட்டுக்கும் பளபளவென்று பிளாஸ்டிக் உறை.

பானுமதி காரைச் சுற்றி வந்தாள். காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். பத்தாவது வரை படித்தவள். முப்பது கூடை மீனை மூச்சுவிடாமல் மனக்கணக்குப் போடுகிறவள்.

"எழுவத்தஞ்சாயிரம் ஏத்திவுட்டேன்னு சொன்னியே."

"ஆமாமே. மைதானமே கை தட்டிச்சி!"

"இங்க பாரு. பண்டிகைத் தள்ளுபடி நாப்பதாயிரம், கோடு போட்டு அடிச்சிகீறான். மேட்டு, பாடி கவரு, ஸ்டியரிங் உறை, பேரு தெரியாத சாமானு, முப்பத்தஞ்சாயிரம், சேத்துகீறான். மொத்தம் எவ்ளோ ஆச்சி?"

காசிநாதன் கணக்குப் போட்டார். இரண்டாம் தடவை விரலை மடக்கிப் போட்டார். விரல்கள் அவரைக் காட்டிக்கொடுத்தன.

"பழய கடன்ல ஒரு லட்சத்து அஞ்சாயிரம் இதுக்குள்ள ஒக்காந்துகினு கீது. இல்லாத வண்டிக்கி வட்டி கட்டப் போற. மொத்தக் கடன் பதினொண்ணு லட்சத்து அஞ்சாயிரம். மாசம் பதினெட்டாயிரத்து அறநூறு. ஏழு வருசம்." காகிதத்தை மடித்தாள். "சரி வுடு. காலீல கூடைய எதுல ஏத்தறது?"

காசிநாதன் புதுக் காரின் பின் சீட்டை எட்டிப் பார்த்தார். நாற்றம் தாங்காமல் இறங்கிவிடுவார்கள் என்று ஆல்வின் சொன்னதை மேளாவில் காதால் கேட்டவர். புதுக் காருக்கும் நாற்றம் ஏறினால் விலை சரியும், கடன் மட்டும் சரியாது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"ஒரு மாசம் மட்டும் பஸ்ல போமே. பின்னாடிக்கு தகடு கிகடு அடிச்சி, ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிடறேன்."

"ஒரு மாசம் போனா மரம் போயிடும்யா."

"போவாது. நீதான் மரத்தடி பானுவாச்சே."

அவள் மறுபடி முதல் பஸ் ஏறினாள். காசிநாதனுக்கு மனசு கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். பஸ் நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். பதினொரு லட்சத்துக் கார், பஸ்ஸின் பின்படியோரம் கூடையோடு நிற்கிற அவர் மனைவிக்குக் காவல்காரன் மாதிரி ஊர்ந்தது. பானுமதி பின் கண்ணாடி வழியாக அவரைப் பார்ப்பாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. சும்மா பார்ப்பாள்.

தகடு அடிக்கிறவன் பன்னிரண்டாயிரம் கேட்டான். டியூ கட்டின பிறகு கையில் பன்னிரண்டு ரூபாய்கூட நிற்கவில்லை. முதல் பஸ் ஆறே முக்காலுக்கு முன்னால் ஒரு நாளும் போய்ச் சேரவில்லை. முப்பத்தோராம் நாள், வேண்டா என்று பேருள்ள ஒரு மீன்காரி வேப்பமரத்தடியில் கோணி விரித்தாள். சதுரங்கப்பட்டினத்துக்காரி. மகனுடைய லோடு ஆட்டோவில் ஐந்தரைக்கே வந்து இறங்குகிறவள்.

"அக்கா, ஒரு மாசமா பாத்துகினு இருந்தேன். நீ வரல" என்றாளாம். தப்பாகவும் சொல்லவில்லை. கட்டு கட்டுதான். பானுமதி சாக்கடை ஓரத்துக்குப் போய்த் தன் கோணியை விரித்தாள்.

அன்றைக்குக் கூடையில் பாதி மீன் மிச்சத்தோடு வீட்டுக்கு வந்தாள். குழம்பு வைத்தாள். காசிநாதனுக்கு அந்தக் குழம்பு இறங்கவில்லை. இந்தத் தடவை அவளுக்கும் இறங்கவில்லை.

அடுத்த டியூ பாதிதான் கட்ட முடிந்தது. மூன்றாம் மாதம், காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடு செங்கல்பட்டு ஷோரூமுக்குப் போனார். ரோஹித் அதே முப்பத்திரண்டு பல்லோடு வந்தான்.

"தம்பி, இந்த வண்டிய எடுத்துக்க. என் பழய வண்டியக் குடு."

"அது அப்பவே வித்துப்போச்சு சார். திருப்போரூர் பக்கம் ஒரு காய்கறிக்காரர். நாத்தம் போக எலுமிச்சம்பழமா வெச்சு ஓட்டறாராம்." கம்ப்யூட்டரில் தட்டினான். "இந்த வண்டிக்கு இப்ப எட்டே முக்கால் வரும் சார்."

"மூணு மாசந்தாண்டா ஆச்சி! சீட்டு உறையே பிரிக்கல!"

"ஷோரூம் வாசல் தாண்டினாலே செகண்ட் ஹேண்ட்தான் சார். உங்க லோன் பத்து தொண்ணூத்தாறு நிக்குது. ரெண்டு லட்சத்து இருபத்தோராயிரம் ஷார்ட்."

காசிநாதன் மெதுவாகக் கேட்டார். "அத்த இன்னா பண்றது?"

"நோ பிராப்ளம் சார்! புதுசா ஒரு மாடல் வந்திருக்கு. இதைவிட ஹைட். அந்த லோன்லயே ஏத்திடலாம்!"

காசிநாதன் அவன் முகத்தையே பார்த்தார். கரையில் ஏலக்காரன் இறங்கின விலையை மறைத்து ஏறுகிற விலையை மட்டும் கூவுவான். எதிரில் நிற்கிறவன் கண் பளபளக்கும். அந்தப் பளபளப்பை ஆயிரம் பேர் கண்ணில் ஏற்றியிருக்கிறார். தன் கண்ணில் அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றியது. எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை நாலரைக்கு அவர் எழுந்து, நான்கு சீட்டின் பிளாஸ்டிக் உறையையும் சரசரவென்று கிழித்தார். சத்தத்தில் தெரு நாய்கள் விழித்துக்கொண்டன. பின் சீட்டை மடித்தார். வஞ்சிரம், சங்கரா, இறால், ஐஸ் சொட்டச் சொட்டக் கூடைகளைத் தூக்கி அப்படியே உள்ளே வைத்தார். தண்ணீர் புது மேட்டில் வழிந்து, முப்பத்தைந்தாயிரத்துச் சாமான்களுக்குள் இறங்கியது.

பானுமதி வாசலில் நின்று பார்த்தாள். "வண்டி வெலையில அம்பதாயிரம் போச்சிய்யா."

"போவட்டும். ஏறு."

அவள் ஏறினாள். முன் சீட்டில்தான். ஐந்து நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மரத்தடியில் வேண்டா ஏற்கெனவே கோணி விரித்து, வியாபாரத்தைத் தொடங்கியிருந்தாள்.

"எய்ந்திரிக்கச் சொல்லட்டா?" என்றார் காசிநாதன்.

"இன்னான்னு சொல்லுவ? அவ மேல இன்னா தப்பு கீது?"

சாக்கடையோரம் கூடையை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. மரத்துக்கு இருபது அடி தள்ளிக் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவிட்டு, அங்கேயே கடை போட்டார்கள். உலகத்தில் அதைவிட விலை உயர்ந்த மீன் கடை இருந்திருக்காது. கறுப்புக் கார், குரோம் பளபளப்பு, ஓரத்தில் இன்னும் வாடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற கல்யாண மாலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தோரணம், நடுவில் வாயைப் பிளந்த சங்கரா.

ஜனங்கள் வந்தார்கள். காரைப் பார்த்தார்கள். மீனைப் பார்த்தார்கள். மறுபடி காரைப் பார்த்தார்கள். நடந்துவிட்டார்கள்.

பழைய வாடிக்கைக்காரி குப்பம்மா, பல் போன கிழவி, தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். "இன்னா பானு, இந்த மாரி காருல விக்கிற மீனு, வெல ஜாஸ்தியா இருக்குமே?"

"அதே வெலதாங்கா."

"எதுக்கு வம்பு" என்று அவள் வேண்டாவிடம் போய்விட்டாள்.

காசிநாதனுக்கு நெஞ்சு புடைத்தது. தொண்டையைச் செருமினார். நாலு தெருவும் அதிர ஒரு கூவல், அவ்வளவுதான் வேண்டும். இந்தச் சந்தையையே அள்ளிக் காருக்குள் போட்டுவிடுவார். வாயைத் திறந்தார்.

"யோவ்." பானுமதி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். "நீ வாய மூடிக்கினு தராசப் புடி. அது போதும்."

அவர் மூடிக்கொண்டார். தராசைப் பிடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் வந்து அரைக்கிலோ இறாலுக்கு அநியாயத்துக்குக் குறைத்துக் கேட்டான். கரையில் என்றால் அப்படிக் கேட்டவனை அவர் வார்த்தையாலேயே கடலில் தள்ளியிருப்பார். பானுமதி சரி என்று நிறுத்துக் கொடுத்தாள். காசிநாதன் தட்டில் இறால் ஒரு பக்கம் தாழ்வதையும், முள் நடுவுக்கு வந்து நிற்பதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.